முதலில் பிறந்த வீட்டுக்கு

தேவனூர் நாடு,
கொல்லிமலை.
பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பரிமளாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, பெரியப்பா மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், உன் அண்ணன் கவின் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வழக்கம்போல வேலைக்குப் போய் வருகிறான். ஐதராபாத்தில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதை உன் காலேஜ் மேடம் முந்திக்கொண்டு எனக்குச் சொல்லிவிட்டார். பெற்ற மகள் சாப்பிட்டாளா தூங்கினாளா என்பதை முன்பின் பார்க்காத ஒரு அம்மா போனில் சொல்லித் தெரிந்துகொள்கிற நிலைமை எனக்கு வந்திருக்கிறது, இருக்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீதான் போனை எடுப்பதில்லையே, எடுத்தாலும் நல்லாயிருக்கேன்மா, சாப்பிட்டேன்மா, கிளாஸ் இருக்குதும்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். இதை அப்படி வைக்க முடியாது. பத்தாவது வரை படித்துவிட்டு அங்கன்வாடியில் இத்தனை வருஷம் பதிவேடு எழுதுகிற கை, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதும், பொறுமையாகப் படி.

முதலில் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். குச்சிக்கிழங்கு பிடுங்கி முடித்தாயிற்று, போன வாரம் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது, விலை ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. மிளகு இந்த வருஷம் பரவாயில்லை. பலா பிஞ்சு விட்டிருக்கிறது, அதற்குள்ளாகவே குரங்குக் கூட்டம் வந்து நோட்டம் பார்த்துவிட்டுப் போகிறது, உன் அப்பா கவணை எடுத்துக்கொண்டு காலையில் தோட்டத்துக்குப் போனால் குரங்கு இவரைப் பார்த்துச் சிரிக்கிறதோ இவர் குரங்கைப் பார்த்துச் சிரிக்கிறாரோ, ஒன்றையும் அடித்ததாகத் தெரியவில்லை. அங்கன்வாடிக் கூரைக்கு ஓடு மாற்றித் தருகிறோம் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், மழைக்கு முன் நடந்தால் சரி. பக்கத்து வீட்டு அம்சவேணி பெண்ணுக்கு சேலத்தில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது, உன்னைக் கேட்டாள், பரிமளா அக்கா மாதிரி நானும் ஹாஸ்டலில் இருக்கப் போகிறேன் என்று குதிக்கிறாள். அவளிடம் போய், அந்த அக்கா படிப்பை விட்டுவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு வரப் போகிறாள் என்று எப்படிச் சொல்வேன், ஆமாம் கண்ணு நல்லா படி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன் மேடம் போன் பண்ணினார் என்றேன் அல்லவா. பாலக்காட்டுப் பக்கமாம், தமிழ் கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசுகிறார், ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறார். உங்கள் மகள் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பெண், தியரி பேப்பரில் அவளைத்தான் முதலாவதாக நினைத்திருந்தேன், இப்போது ஒரு மாதமாக வகுப்புக்கு வருவதில்லை, கொடுக்க வேண்டிய செமினார் பேப்பரைக் கொடுக்கவில்லை, அதைக் கொடுக்காவிட்டால் சித்திரையில் பரீட்சை எழுத விடமாட்டார்கள், ஒரு வருஷம் வீணாகப் போகும் என்று சொன்னார். கூப்பிட்டுக் கேட்டதற்கு நீ, எனக்கு இந்தப் படிப்பைப் படிக்கிற அருகதை இல்லை மேடம், நான் ஊருக்குப் போகிறேன் என்றாயாம். அப்புறம் அழுதாயாம். நீ பாதியில் வைத்திருக்கிற அந்தப் பேப்பர், செய்தியை யார் வெளியே விடுகிறார் யார் நிறுத்திவைக்கிறார் என்பதைப் பற்றியதாமே. அதைக் கேட்டதும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பெரியம்மா செத்த அன்று நடந்ததற்குத்தான் நீ உனக்கே தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

அன்றைக்கு இங்கே என்ன நடந்தது என்று உனக்கு ஆளுக்கு ஒரு துண்டாகச் சொல்லியிருப்பார்கள், கோபத்தில் சொன்னவர்களும் உண்டு. நான் வரிசையாகச் சொல்கிறேன். பெரியம்மாவை மூச்சுத் திணறலுக்கு சேலத்தில் சேர்த்திருந்தோம், கவின்தான் கூட இருந்தான். மலைக்கு அந்தப் பக்கம் குண்டூர் நாட்டிலிருந்து அவளுடைய தம்பி அப்பாசாமி மாமா வந்து பார்த்து, அக்கா தேறிட்டா, நாளன்னிக்கி ஊட்டுக்கு வந்துருவா என்று சொல்லிவிட்டுத்தான் மலை ஏறினார். அவர் போன மறுநாள் விடிந்ததும் அவள் போய்விட்டாள். கவின் முதலில் எங்களுக்கு போன் பண்ணினான், அடுத்து உனக்குப் பண்ணினான். உனக்குச் சொன்னதில் தப்பே இல்லை, உன்னை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள், ஐதராபாத்தா அவ்வளவு தூரமா என்று உன் அப்பா தயங்கினபோது, புள்ள போகட்டும் உடுங்க என்று சண்டை போட்டு அனுப்பினவள். நீ அழுதுகொண்டே உட்கார்ந்து அவளைப் பற்றி எழுதினாய், பலாப்பழத்தோடு அவள் சிரிக்கிற போட்டோவையும் வைத்துப் போனில் எல்லோரும் பார்க்கப் போட்டாய். கவின் அதை எடுத்து அவனுடைய ஸ்டேட்டஸில் வைத்தான். கொஞ்ச நேரத்தில் அது மலை முழுக்கப் போய்விட்டது.

நம் பழக்கம் உனக்குத் தெரியாததா. கட்டிக் கொடுத்த பெண் செத்தால் முதல் சேதி பிறந்த வீட்டுக்கு. போனில் சொல்லக்கூடாது, இரண்டு பேர் நேரில் போக வேண்டும், வாசலிலேயே நின்று சொல்ல வேண்டும், உட்காரவும் கூடாது தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் கூடாது. அங்கே சொன்ன பிறகுதான் மற்ற ஊருக்கெல்லாம் ஆள் போகும். உன் அப்பாவும் பங்காளி முரளியும் சேதி வந்த உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். செம்மேடு தாண்டி ஒரு வளைவில் கிழங்கு லாரி ஒன்று அச்சு முறிந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது, ஒரு சைக்கிள் நுழையக்கூட இடமில்லை, அங்கேயே நிறைய நேரம் நின்றுவிட்டார்கள். அந்த நேரத்தில் அப்பாசாமி மாமா சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு மிளகு பறித்துக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன பக்கத்து ஊட்டுக்காரி போனைக் கையில் வைத்துக்கொண்டு கீழே நின்று, ஏனுங்கண்ணா, உங்கக்கா போயிட்டாங்களாமா, போன்ல போட்டிருக்குதுங்களே என்று கேட்டிருக்கிறாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, இவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டாள். அவர் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாதாம்.

உன் அப்பா போய் வாசலில் நின்றபோது உள்ளே ஒப்பாரி கேட்டிருக்கிறது. சொல்ல வந்த சேதியை வாயிலேயே வைத்துக்கொண்டு மனுஷன் திகைத்து நின்றாராம். அப்பாசாமி மாமா வெளியே வந்து, நீங்க சொல்ல வந்தது ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கடைசியாத்தான் எனக்குத் தெரிஞ்சுது மச்சான், நீங்க போங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் இங்கே பெரியம்மாவை வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரை காத்திருந்தோம், பிறந்த வீட்டுக் கோடிச் சேலை விழாமல் எடுக்க முடியாதே. கடைசியில் வந்தார். யாரையும் பார்க்கவில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கோடியைப் போட்டார், தலை முழுகக்கூட நிற்காமல் திரும்பிப் போய்விட்டார். கருமாதிக்கு ஊர்க்கவுண்டர் சொல்லி அனுப்பியும் வரவில்லை. பிறந்த வீட்டுக்காரர் வந்து உன் பெரியப்பா தலையில் துண்டு கட்டினால்தான் துக்கம் கழிந்ததாகக் கணக்கு. கட்ட ஆள் வராததால் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். பெரியப்பா இன்றுவரை ஒரு நல்லது கெட்டதுக்குப் போகாமல் நம் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பஸ் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறார். இதையெல்லாம் உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. நீ போனை எடுக்காமல் அங்கே உட்கார்ந்து இதைவிடப் பெரிதாக நினைத்துக்கொண்டிருப்பாய் என்றுதான் இருக்கிறதை இருக்கிறபடி சொல்கிறேன்.

தை மாசம் நீ லீவில் வந்திருந்தபோது எல்லோரும் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தோமே, அப்போது பெரியம்மா உன்னைக் கேட்டாள், அப்படி என்னதான் கண்ணு அங்க சொல்லிக் குடுக்கறாங்க என்று. நீ உற்சாகமாக ஒவ்வொன்றாகச் சொன்னாய். ஒரு செய்தி வெளியே போகுமுன் வாசலில் ஒருத்தர் நின்று இது போகலாம் இது போகக்கூடாது என்று பார்ப்பார், அவருக்கு கேட்கீப்பர் என்று பெயர் என்றாய், அதற்கு உன் அப்பா, செக்போஸ்ட் பாரஸ்ட்காரராட்டவா என்று கேட்டார். பேப்பரும் டிவியும் நம்மை இப்படித்தான் நினைக்க வேண்டும் என்று சொல்லாது, எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பதைத்தான் முடிவு பண்ணும், அதற்கும் ஒரு பெயர் சொன்னாய், அஜெண்டா என்னமோ. அதுக்கு எதுக்குடி டிவி, அம்சவேணி குழாயடிக்கு வந்தான்னா அன்னிக்குப் பூரா ஊரே அவ மாமியாளைப் பத்தித்தான் நினைக்கோணும் என்று பெரியம்மா சொல்ல, நீ சிரித்த சிரிப்பில் கத்தி நழுவி விரலை அறுத்துக்கொண்டாய். அதில் எனக்கு நன்றாக மனதில் நின்றது இன்னொன்று. நாலு பேர் ஒரே மாதிரி பேசினால் அஞ்சாவது ஆள் தன் மனதில் வேறு இருந்தாலும் வாயை மூடிக்கொள்வான், அதைப் பார்த்து ஆறாவது ஆளும் மூடிக்கொள்வான், அப்படியே சுற்றிச் சுற்றி எல்லோரும் ஊமையாகிவிடுவார்கள் என்றாய். அது சத்தியமான பேச்சு. கருமாதிக்கு வந்தவர்கள் எல்லாம், படிச்ச புள்ள பண்ணின வேலையைப் பாரு, பெரியம்மாளை வெச்சுப் பேரு வாங்கிக்கிட்டா என்று பேசினார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் பேசவில்லை என்று நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு நெஞ்சு எரிந்தது. என் மகள் பேர் வாங்க எழுதவில்லை, அழுகையை அடக்கமாட்டாமல் எழுதினாள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லையே என்று. உன் மேடம் போன் பண்ணியதும், இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் ஒரு தாய் இல்லை என்று தோன்றியது. மறுநாளே செம்மேடு போய் அங்கிருந்து வேறு பஸ் மாறி குண்டூர் நாட்டுக்குப் போனேன். அப்பாவிடம் சந்தைக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போனேன், சொன்னால் விடமாட்டார்.

அப்பாசாமி மாமா களத்தில் மிளகைக் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வா அம்மிணி என்றார், ஆனால் நிறுத்தவில்லை, மிதித்துக்கொண்டேதான் இருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. அண்ணா, எங்க புள்ள செஞ்சது தப்புத்தானுங்க, முறை தெரிஞ்சவதான், அழுகையில மறந்துட்டா, நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போக வந்தேனுங்க என்று சொன்னேன். அவர் சிதறின மிளகைக் காலாலேயே கூட்டிச் சேர்த்தார். பிறகு, அதுல என்னதான் எழுதியிருக்குது, ஊரே படிச்சுது, நான் படிக்கலை என்றார். என் போனில் இருந்தது, எடுத்துப் படித்துக் காட்டினேன். அவள் நடவு நட்டது, கேப்பைக் கூழ் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தது, அவள் சிரித்தால் எதிர்ச் சரிவில் கேட்கும் என்பது, கட்டிக்கொண்டு வந்த ஊரையே தன் ஊராக்கிக்கொண்டாள் என்பது, எல்லாம் அவளையே பார்த்த மாதிரி எழுதியிருக்கிறாய். நான் முடித்ததும் அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். நல்லாத்தான் எழுதியிருக்குது என்றார். அப்புறம், ஆனா இதுல எங்க ஊடு இல்லையே அம்மிணி, பொறந்த ஊரே இல்லாம பொறந்தவளாட்ட இருக்குது என்றார். நான் மறுபடி போனைப் பார்த்தேன். உண்மைதான். குண்டூர் நாடு என்ற பேரே அதில் இல்லை, தம்பி ஒருத்தன் இருக்கிறான் என்பதே இல்லை. எத்தனை தடவை படித்திருப்பேன், எனக்கும் அது கண்ணில் படவில்லை, இத்தனைக்கும் நானும் இன்னொரு ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள்தானே.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார், காப்பி வைக்கச் சொன்னார். நீ என்ன படிக்கிறாய் என்று கேட்டார். செய்தி எப்படி உண்டாகிறது, யார் சொல்கிறார், யாருக்கு முதலில் போகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதையெல்லாம் பற்றிய படிப்பு, எழுத்து வேலைக்குப் போகுமுன் அதைத்தான் முதலில் படிக்க வேண்டுமாம் என்று எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அப்ப இது பரிச்சையில வருமா என்று கேட்டார், கிண்டலாகக் கேட்டாரா நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை, நீதான் சொல்ல வேண்டும். புள்ள படிப்பை உடறேங்குதுங்க அண்ணா என்று நான் சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன், வாயில் வந்துவிட்டது. எதுக்கு என்றார். உங்களுக்குப் பண்ணின தப்புக்குத்தான் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குப் பண்ணின தப்புக்கு அது எதுக்கு அங்க போய்த் தண்டம் கட்டோணும், இங்கல்ல வந்து கட்டோணும் என்று காப்பி டம்ளரை டொக்கென்று கீழே வைத்தார்.

எனக்கும் அதையேதான் கேட்க வேண்டும் பரிமளா. போன மழைக்கு டிவிக்காரர்கள் வந்தார்களே, ரோட்டில் ரெண்டு பாறை உருண்டதற்கு மலையே துண்டிக்கப்பட்டது, மக்கள் பட்டினி என்று போட்டார்களே, வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் எல்லாம் போன் போட்டு அழுதபோது நாம் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்படிப் போட்டவர் ஒருத்தராவது எனக்கு அருகதை இல்லை என்று வேலையை விட்டாரா. செய்தது தப்பென்றே தெரியாதவர்கள் எல்லாம் அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருக்க, தப்பென்று தெரிந்து அழுகிற ஒருத்தி மட்டும் எழுந்து வந்துவிட்டால் அந்த இடத்தில் யார் உட்காருவார்கள். உன் தியரியில் இதற்குப் பதில் இருந்தால் எழுது. நீ எழுதக் கற்றுக்கொள்ளவில்லை என்றால் பெரியம்மாவைப் பற்றி இன்னொரு தடவை, பிறந்த வீட்டையும் சேர்த்து, வேறு யார் எழுதப் போகிறார்கள்.

மாமா கேட்டது என்ன என்று சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. நான் கிளம்பும்போது, மன்னிப்பெல்லாம் நீ கேட்க வேண்டாம் அம்மிணி, எனக்கு இன்னும் முறையா யாரும் எழவு சொல்லலை, போன்ல வந்தது சேதி ஆகாது, உங்க ஊட்டுக்காரர் வந்தார், ஆனா நான்தான் சொல்ல உடலை, அதனால அந்தப் புள்ள வரட்டும், வந்து எங்க வாசல்ல நின்னு, உங்கக்கா போயிட்டாங்கன்னு அது வாயால எனக்குச் சொல்லட்டும், அப்புறம் நான் துண்டோட வந்து எங்க மாமன் தலையில கட்டறேன் என்றார். நான் பயந்துபோனேன். எழவு சொல்லப் பொம்பளைங்க போற வழக்கமில்லையேங்க அண்ணா என்றேன். ஊருக்கெல்லாம் எழுதிச் சொல்றதுக்கு மட்டும் பொம்பளைப் புள்ள ஆகும், எனக்கு வந்து சொல்றதுக்கு ஆகாதா என்று கேட்டார். ரெண்டு பேரா வரோணுமே என்றேன். கூட நீ வா என்றார். சரி என்று சொல்லிவிட்டேன் பரிமளா. உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். நம் ஊரில் இதற்கு யார் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும், பேசட்டும், இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டிருக்கப் போவதில்லை.

உடனே வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அதற்கு அவர், பரிச்சை எழுதிட்டே வரட்டும், அவசரம் ஒண்ணுமில்லை, அதுவரைக்கும் எனக்கு எங்கக்கா இருந்துட்டுப் போகட்டும் என்றார். அப்போதுதான் அவர் கண் கலங்கி நான் பார்த்தேன், அக்கா செத்து இத்தனை நாளுக்கு அப்புறம். நான் படி இறங்கும்போது உள்ளே போய் ஒரு துணிப்பையில் காய்ந்த மிளகைக் கட்டி எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். வருஷா வருஷம் முதலில் காய்கிற மிளகை அக்காவுக்கு அனுப்புவாராம், இந்த வருஷம் அனுப்பவில்லையாம், அக்காகிட்டக் குடுத்துரு என்றார். நான் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும் சொல். அதைக் கொண்டுவந்து பெரியம்மா வீட்டு அடுப்படியில் அவள் மிளகு வைக்கிற இடத்திலேயே வைத்திருக்கிறேன். பெரியப்பா பார்த்தார், யாருது என்று கேட்டார், அப்பாசாமி அண்ணன் குடுத்துது என்றேன், அவரும் அதைத் தொடவில்லை.

ஆகையால் கண்ணு, அழுதது போதும், எழுந்து வகுப்புக்குப் போ. அந்தப் பேப்பரை முடித்துக்கொடு. அதில் இங்கே நடந்ததை எழுதுவாயோ மாட்டாயோ அது உன் இஷ்டம், எழுதினால் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுது. பரீட்சை முடிந்த கையோடு டிக்கெட் போட்டுவிடு, சேலத்தில் கவின் வந்து கூட்டிக்கொள்வான், அவனும் தன்னால்தான் எல்லாம் என்று ஞாயிற்றுக்கிழமை வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான், அவனிடம் நீ நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசு. காலையில் சாப்பிடாமல் வகுப்புக்குப் போகாதே, ராத்திரியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, அந்த ஊர்க் காரம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மோர் வாங்கிக் குடி. உன் அப்பாவுக்கு உன்மேல் ஒரு துளி கோபம் இல்லை, குரங்கிடம் காட்டுகிற கோபம்கூட இல்லை. பெரியப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். எட்டுக்கை அம்மன் துணையிருப்பாள், நீ தைரியமாகவும் நீண்ட ஆயுளோடும் இருந்து நினைத்ததைப் படித்து முடிக்க வேண்டும் என்று உன் தலையில் கைவைத்த மாதிரி நினைத்துக்கொண்டு ஆசீர்வாதம் பண்ணுகிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பேப்பரை மேடத்திடம் கொடுத்த அன்றைக்கு ஒரு போன் பண்ணு, கொடுத்துவிட்டேன் என்று ஒரு சொல் போதும், வேறு எதுவும் பேச வேண்டாம். ஆனால் அதை எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அப்பாவுக்கோ கவினுக்கோ சொல்லி அவர்கள் வாயால் நான் தெரிந்துகொண்டால், அப்பாசாமி அண்ணனாவது ஒரு காப்பி வைத்துக் கொடுத்தார், நான் அதுகூடக் கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் போனுக்குக் காத்திருக்கும் அம்மா,
சுமதி